முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு

இல்ல சார், அந்தப் பையில தொங்குறது ரத்தம் இல்ல, பயப்படாதீங்க. இரும்பு. பார்க்க அப்படித்தான் இருக்கும். ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டுல குழாயைத் திறந்தா முதல்ல ஒரு தண்ணி வருமே, அந்த நிறம். என் மருமகளுக்கு முதல் தடவை மாட்டினப்ப நானும் உங்கள மாதிரிதான் எழுந்து நின்னுட்டேன். நர்ஸம்மா சிரிச்சாங்க. உக்காருங்க, உக்காருங்க.

உங்க வீட்டம்மாவுக்கு இன்னிக்குத்தான் முதல் தடவையா? அப்ப ஆரம்பத்துல மெதுவாத்தான் விடுவாங்க. உடம்புல அரிப்பு, மூச்சு முட்டல், நெஞ்சுப் படபடப்பு, எது வந்தாலும் அந்த நிமிஷமே சொல்லச் சொல்லுங்க. பொறுத்துக்கலாம்னு இருக்க வேண்டாம். ஒண்ணும் இல்லேன்னா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். முடிஞ்ச பிறகும் ஒரு அரை மணி நேரம் உக்கார வச்சுப் பார்ப்பாங்க. போன வாரம் எங்களுக்கு முப்பத்திநாலு நிமிஷம் ஆச்சு.

ஆமா, கடிகாரத்தப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அது ஒரு பழக்கம், விட முடியல.

அதோ ஜன்னல் பக்கம் மூணாவது நாற்காலி, நீல ஸ்வெட்டர். அவதான். கண்ண மூடிக்கிட்டு இருக்கா, தூங்கல. தூங்கினா தலை இடது பக்கம் சாயும்.

குடல் நோய்தான் சார். குடல்லயே புண்ணு வர்ற நோய். வரும், அடங்கும், மறுபடி வரும். முழுசாப் போகாது, மருந்து போட்டு அடக்கி வச்சுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கு இது நாலாவது வருஷம். அந்தப் புண்ணு வழியா கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் போகும், சாப்பிடுற சத்தையும் குடல் சரியா வாங்கிக்காது. அதனால உடம்புல இரும்பு தீர்ந்துபோகும். உங்க வீட்டம்மாவுக்கும் அதேதானா? அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல. படி ஏறினா மூச்சு வாங்கும், தலைமுடி கொட்டும், காலை நீட்டிப் படுத்தா கால் சும்மா இருக்காது.

எங்க வீடு நாலாவது மாடி. லிப்ட் கிடையாது. அறுபத்தெட்டுப் படி. மருமக முன்னாடியெல்லாம் ரெண்டு கையிலயும் பையோட ஒரே மூச்சுல ஏறி வருவா. போன வருஷக் கடைசியில முப்பத்திநாலாவது படியில நிக்க ஆரம்பிச்சா. சரி, பாதி வழி, நிக்கட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் பதினேழுல ஒரு தடவை, முப்பத்திநாலுல ஒரு தடவை, அம்பத்தொண்ணுல ஒரு தடவை. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு செருப்புச் சத்தத்தை எண்ணுவேன். டாக்டர் கிட்டப் போகணும்னு முதல்ல சொன்னதே நான்தான். அது வரைக்கும் சரியாத்தான் செஞ்சேன்.

நானா? ஸ்டோர் கீப்பர் சார். தண்ணி மோட்டார் செய்யிற கம்பெனி. போல்ட்டு, நட்டு, வாஷர், பேரிங், சீல். முப்பத்தொரு வருஷம். எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன், ஆனா எண்ணத் தெரியும். ஒவ்வொரு பெட்டி மேலயும் ஒரு அட்டை தொங்கும். வந்தது எத்தனை, போனது எத்தனை, இருக்கிறது எத்தனை. வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டர் வந்து, ஏதோ ஒரு பெட்டியைக் கையக் காட்டி, கொட்டு, எண்ணுன்னு சொல்லுவாரு. அட்டையில இருக்கிறதும் பெட்டியில இருக்கிறதும் ஒண்ணா இருக்கணும். முப்பத்தொரு தடவை எண்ணினாங்க. ஒரு வாஷர் கூடக் குறைஞ்சதில்ல. நான் அதிகம் பேசுற ஆள் இல்ல சார், இன்னிக்கு ஏன் இப்படிப் பேசுறேன்னு தெரியல. ஆனா அந்த ஸ்டோர்ல நான் பேச வேண்டிய அவசியமே இருந்ததில்ல. அட்டை பேசும்.

பையன் லாரி ஓட்டுறான். மாசத்துல இருபது நாள் ரோட்டுலதான். வீட்டுல நானும் மருமகளும்தான். என் சம்சாரம் போய் ஆறு வருஷம் ஆச்சு. இந்த மாதிரி நோய்ல பாருங்க, டாக்டர் என்ன கேக்குறாரு? ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனீங்க, எப்படி இருந்துச்சு, என்ன நிறம், ரத்தம் கலந்திருந்துச்சா. இதை ஒரு மாமனார் ஒரு மருமக கிட்ட எப்படிக் கேக்கிறது? அவதான் எப்படிச் சொல்வா? ஒரு தடவை கேக்கலாம்னு வாயத் திறந்தேன். மழை வரும் போல இருக்கும்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அன்னிக்கு வெயில் கொளுத்துது.

அதனாலதான் அட்டை. பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒரு ஆணி அடிச்சு, கட்டம் போட்ட அட்டையை மாட்டினேன். நூல்ல கட்டி ஒரு கறுப்புப் பென்சில், ஒரு சிவப்புப் பென்சில். போயிட்டு வந்தா ஒரு கோடு. ரத்தம் இருந்தா சிவப்புல ஒரு புள்ளி. கறுப்பா இருந்தா ஒரு வட்டம் போட்டு நிரப்பணும். கீழயே விவரம் எழுதி வச்சுட்டேன், நான் ஒண்ணும் பேசல. அவளும் ஒண்ணும் பேசல. ரெண்டாவது நாள் பார்த்தா அழகா கோடு போட்டிருக்கா. ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி. அவ கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறா சார், மூக்குக் கண்ணாடி. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை மில்லிமீட்டர்ல அளந்து, கண்ணாடியைத் தேய்ச்சு, பிரேம்ல உக்கார வைக்கிறது. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் போட்டுக்கிறவங்களுக்குத் தலை வலிக்கும்பா. அந்த விஷயத்துல எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகும்.

ஒரு வாரம் கழிச்சுச் சொல்றா, மாமா, விருந்தாளி வந்தா அவங்களும் கோடு போடணுமான்னு. நான் சிரிக்கல, வெட்கமாப் போச்சு. ஆனா பாருங்க, குழாய் ரிப்பேருக்கு வந்த பிளம்பர் உள்ள போயிட்டு வந்து நெசமாவே ஒரு கோடு போட்டுட்டான். விவரம் எழுதியிருந்ததைப் படிச்சிருக்கான், வீட்டு விதி போலன்னு நினைச்சுக்கிட்டான். சாயங்காலம் அவ கணக்குல ஒரு கோடு அதிகம்னு வந்து நிக்கிறா. நான் பக்கத்துலயே பிளம்பர் ஒண்ணுன்னு எழுதி, கழிச்சு விட்டேன். அன்னிக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம். ஆளுக்கொரு அறையில இருந்துக்கிட்டு.

அந்த அட்டையை டாக்டர் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். அவரு திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாரு. எல்லா வீட்டுலயும் இப்படி ஒரு ஆள் இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்னாரு. எழுபது வயசு ஆகப் போகுது சார் எனக்கு. பள்ளிக்கூடத்துல கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்ல. அன்னிக்கு அறுபத்தெட்டுப் படியும் எப்படி ஏறினேன்னே தெரியல.

அன்னிக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு பத்து புள்ளி எட்டு. பொம்பளைங்களுக்குப் பன்னெண்டாவது இருக்கணும். இரும்புக் கையிருப்பும் குறைவு. இப்ப குடல் அமைதியா இருக்கு, அளவும் ரொம்ப இறங்கல, அதனால மாத்திரையில ஆரம்பிப்போம்னு சொன்னாரு. தினம் ஒண்ணு, வெறும் வயித்துல, டீயோட சேர்க்கக் கூடாது. ஒண்ணுக்கு மேல போட்டாலும் பிரயோஜனம் இல்ல, உடம்பு வாங்கிக்காத இரும்பு குடல்லயே கிடந்து தொந்தரவு பண்ணும். மலம் கறுப்பாப் போகும், அது மாத்திரையோட நிறம், பயப்படாதீங்க. இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு சொன்னாரு, நல்லா ஞாபகம் இருக்கு. இந்த நோய் இருக்கிறவங்க நிறையப் பேருக்கு இந்த மாத்திரை ஒத்துக்காது, வயிறு தாங்கலேன்னா சொல்லிடுங்க, நரம்பு வழியா ஏத்திடலாம், கஷ்டப்பட்டுக்கிட்டு விழுங்க வேண்டாம்னாரு.

கஷ்டப்பட்டுக்கிட்டு விழுங்க வேண்டாம். அதே வார்த்தை.

மாத்திரைக்கும் ஒரு அட்டை போட்டேன். அதுவும் அவகிட்டக் கேக்காமலே. காலையில ஆறு மணிக்கு அவ சமையல் அறையில தண்ணி பிடிக்கிற சத்தம் கேக்கும், அப்புறம் மாத்திரை அட்டையில இருந்து பிதுக்குற சத்தம், டப்புனு. நான் என் அறையில இருந்தே ஒரு கோடு போடுவேன். அவ கடைக்குப் போன பிறகு காலிக் குழியை எண்ணிச் சரி பார்ப்பேன். ராத்திரி எட்டு மணிக்குப் பையன் போன் பண்ணுவான். இன்னிக்குப் போட்டாச்சுன்னு சொல்லுவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு.

அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ, மாமா, வயிறு ரொம்பப் பிடிச்சு இழுக்குதுன்னா. ஆறாவது நாள்தான். நான் மாத்திரைப் பெட்டிக்குள்ள இருந்த தாளை எடுத்து, கண்ணாடி போட்டுக்கிட்டு, அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். ஆரம்பத்தில் சிலருக்கு வயிற்று உபாதை ஏற்படலாம், நாளடைவில் சரியாகும். பாரும்மா, எழுதியே இருக்கான், பல்லக் கடிச்சுக்கிட்டுப் பத்து நாள் தள்ளிடுன்னேன். அவ சரி மாமான்னுட்டுப் போயிட்டா. அன்னிக்குப் பாத்ரூம் அட்டையில ஒம்பது கோடு.

நீங்க சொல்றது சரிதான். அன்னிக்கே டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கணும். நம்பர் அட்டையிலேயே எழுதி வச்சிருந்தேன்.

எட்டு நாள் போட்டா. அதுக்கப்புறம் போடல. கடையில மூக்குக் கண்ணாடியை மிஷின்ல வச்சுட்டுப் பாதியில ஓட வேண்டியிருந்துச்சாம். ஒரே நாள்ல மூணு தடவை. கடைக்காரம்மா நல்லவங்க, ஒண்ணும் சொல்லல, ஆனா வாசல்ல ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க இல்ல? ஒம்பதாவது நாள்ல இருந்து ஆறு மணிக்குத் தண்ணி பிடிப்பா, டப்புனு பிதுக்குவா, மாத்திரையை எடுத்து ஒரு பழைய கண்ணாடிக் கூட்டுல போட்டு மூடி வச்சிடுவா. எனக்காக. என் அட்டை தப்பாகக் கூடாதுன்னு. இது அப்புறமா அவளே சொன்னது. தூக்கிப் போட்டிருக்கலாமேம்மான்னு கேட்டதுக்கு என்ன சொன்னா தெரியுமா? உங்க கணக்குல இருக்கிற சாமானைக் குப்பையில போட மனசு வரல மாமான்னா.

ஒரு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்தாங்க. முப்பத்தொண்ணாவது நாள். பத்து புள்ளி ஒண்ணு. ஏறாம இறங்கியிருக்கு. டாக்டர் நெத்தியச் சுருக்கிக்கிட்டு, மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களான்னு அவளைப் பார்த்துக் கேட்டாரு. அவ என்னைப் பார்த்தா. நான் அட்டையை எடுத்து மேஜையில வச்சேன். முப்பத்தொண்ணுக்கு முப்பத்தொண்ணு டாக்டர், ஒரு நாள் கூடத் தவறலைன்னேன். வயித்துக்கு ஒத்துக்குதான்னாரு. ஆரம்பத்துல கொஞ்சம் இருந்துச்சு, இப்ப பரவாயில்லைன்னேன். அவ வாயத் திறக்கிறதுக்குள்ள நானே சொல்லிட்டேன். பாத்ரூம் அட்டையைப் பார்த்தாரு. கடைசி ஒரு வாரமா கறுப்பு வட்டம் வரிசையா இருந்துச்சு. மாத்திரை போடுறாங்க இல்ல, அப்ப கறுப்பாத்தான் இருக்கும்னுட்டாரு. சரி, ஒத்துக்கிட்டா இன்னும் ஆறு வாரம் பார்ப்போம், இல்லேன்னா இப்பவே நரம்பு வழியா ஏத்திடுவேன், நீங்க சொல்லுங்கன்னாரு. யாரைக் கேட்டாரு? என்னைத்தான் கேட்டாரு. அட்டையைக் கொண்டுவந்தவன் நான்தானே. பார்ப்போம் டாக்டர்னு சொன்னேன்.

இருபத்துமூணு மாத்திரை அந்தக் கூட்டுல கிடக்குது, அன்னிக்குக் காலையில.

எப்படியா? அது... முப்பத்தொண்ணுல எட்டு போனா இருபத்துமூணு தானே சார். கழிச்சுப் பார்த்தேன். அப்புறமா.

தண்ணி குடிக்கிறீங்களா? பைக்குள்ள எங்கயோதான் வச்சேன். இருங்க, பாட்டில் இருக்கு.

பத்தொம்பது நாள் கழிச்சு, சாயங்காலம் ஆறு நாப்பது. வேலையில இருந்து வந்துக்கிட்டு இருக்கா. நான் கதவுக்குப் பின்னாடி. பதினேழுல நின்னா. இருபத்தாறுல நின்னா. முப்பத்திநாலு. அப்புறம் ஏழு சத்தம் கேட்டுச்சு, அதோட ஒண்ணும் கேக்கல. நின்னு இளைப்பாறுறான்னு நினைச்சேன். எண்ணிக்கிட்டே இருந்தேன் சார், கதவைத் திறக்காம. நூறு வரைக்கும் எண்ணினேன். திறந்து எட்டிப் பார்த்தா நாப்பத்தொண்ணாவது படியில சுவரோட சாஞ்சு கிடக்கிறா. உதடு சாக்பீஸ் மாதிரி வெளுத்துப் போயிருக்கு. மூணாவது மாடி எலக்ட்ரீஷியன்தான் தூக்கிக்கிட்டு இறங்கினாரு. நான் அவ செருப்பைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போனேன்.

ஆறு புள்ளி நாலு. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. குழாய் விட்டுப் பார்த்தா சின்னக் குடல் முடியிற இடத்துல புண்ணு, அதுல இருந்து கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அந்தக் கறுப்பு, மாத்திரை இல்ல சார். ரத்தம். குடலுக்குள்ளேயே கிடந்து கறுத்துப்போன ரத்தம்.

இப்ப நல்லா இருக்கா. புண்ணுக்கு மருந்து மாத்திட்டாங்க, கேக்குது. இரும்பு போன வாரம் ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. அளவு ஒம்பது புள்ளி ஆறுக்கு ஏறியிருக்கு. ஏத்தின பிறகும் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணுமாம், இந்த நோய்ல மறுபடி இறங்குமாம். உங்க வீட்டம்மாவுக்கும் சொல்லுவாங்க, அதை விட்டுடாதீங்க. முகத்துல ரத்தம் தெரியுது பாருங்க. நேத்து முப்பத்திநாலுல மட்டும்தான் நின்னா.

அதெல்லாம் சந்தோஷம்தான். விஷயம் அது இல்ல.

படுக்கையில கண்ணு முழிச்சதும் அவளே நர்ஸ் கிட்டச் சொல்லிட்டா, மாத்திரை போடலைன்னு. யாரும் கேக்கல, அவளாத்தான். டாக்டர் வந்தாரு, கோபப்படல. எங்ககிட்டச் சொல்லியிருந்தா அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பேனேம்மான்னு மட்டும் சொன்னாரு. கோபப்பட்டிருந்தாக் கூடப் பரவாயில்ல. பையன் எங்கேயோ லாரியை நிறுத்திட்டு ஓடி வந்தான். அவன் மனசு தாங்கல, என்ன செய்வான், பொண்டாட்டி போயிடுவாளோன்னு ராத்திரி பூரா பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கான். பயத்தை எல்லாம் கோபமாக் கொட்டிட்டான். எங்க அப்பா இந்த வயசுல உனக்காகக் கணக்கு எழுதிக்கிட்டு உக்காந்திருக்காரு, அவர் கண்ணுல மண்ணத் தூவியிருக்கே, உன்ன இனிமே யாரு நம்புறதுன்னான். வார்டுல அத்தனை பேரும் பார்க்கிறாங்க.

டாக்டர் என் தோள்ல கையப் போட்டு, நீங்க வருத்தப்படாதீங்க பெரியவரே, உங்க மேல தப்பு இல்லைன்னாரு.

அதுல இருந்து மருந்து எல்லாம் என் பொறுப்பு. பையனோட உத்தரவு. காலையில அவ என் முன்னாடி வந்து நின்னு மாத்திரையைப் போட்டுத் தண்ணி குடிப்பா. குடிச்சிட்டு வாயத் திறந்து காட்டுவா. நான் கேக்கல சார், சத்தியமா நான் கேக்கல. அவளாவே திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுறா. முப்பத்திரண்டு வயசுப் பொண்ணு. அரை மில்லிமீட்டர் தப்பு செய்யாத பொண்ணு. நான் சுவரைப் பார்த்துக்கிட்டு, சரிம்மா சரிம்மான்னு சொல்லுவேன். பிளம்பர் போட்ட கோட்டுக்குச் சிரிச்சவ, இப்ப வீட்டுல சிரிக்கிறதே இல்ல.

இப்ப கடைசியா என்னன்னா, வேலையை விட்டுடச் சொல்லிட்டான். தனியா விட்டா நீ மருந்து போட மாட்டே, வீட்டுல அப்பா கண்ணு முன்னாடியே இருன்னுட்டான். கடைக்காரம்மா அவ இடத்தை இத்தனை நாள் காலியா வச்சிருந்தாங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் பார்ப்பேன், வேற பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்குன்னு சொல்லிட்டாங்க. இங்க முடிஞ்சதும் போன் பண்ணி, வரலைன்னு சொல்லணும். டாக்டர் வேலைக்குப் போகலாம்னுதான் சொன்னாரு. மருமகளுக்கு உயிரே அந்த வேலைதான். ஆனா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு என்கிட்டயே சொல்றா.

பையன் கீழ மருந்துக் கடையில வரிசையில நிக்கிறான். வந்துடுவான் இப்ப. மணி என்ன, நாலு பத்தா? அவளுக்கு இன்னும் ஆறு நிமிஷம்.

நீங்க ஏன் சார் அப்படிப் பார்க்கிறீங்க?

இல்ல... நீங்க அப்பவே பிடிச்சுட்டீங்க, நான்தான் தண்ணி பாட்டிலைத் தேடினேன். கழிச்சுப் பார்க்கல சார். எண்ணினேன்.

என் கண்ணாடியில திருகு ஒண்ணு லூசாயிடுச்சு. அவளே முடுக்கித் தருவா, ஆனா கடைக்குப் போயிருந்தா. சின்ன ஸ்க்ரூ டிரைவர் அலமாரியில கண்ணாடிக் கூடுங்களோட இருக்கும், அதைத் தேடினேன். மூணாவது கூட்டைத் திறந்தா மாத்திரை. கட்டில்ல கொட்டி எண்ணினேன். பதினஞ்சு. அன்னிக்கு இருபத்துமூணாவது நாள். டாக்டர் கிட்டப் போறதுக்கு இன்னும் எட்டு நாள் இருந்துச்சு. கூட்டு மேல எழுத்து எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சோ அதே பக்கம் பார்த்து வச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் அவ போனதும் போய்ப் பார்த்தேன், பதினாறு. தினமும் பார்த்தேன். வீட்டுக் கணக்கு நோட்டுல பின்பக்கம் தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன். முதல் வாரத்தோட நின்னுபோன கறுப்பு வட்டமும் அந்த வாரம்தான் மறுபடி ஆரம்பிச்சுச்சு. மாத்திரை வயித்துக்குள்ள போகல, அப்ப கறுப்பு எங்கிருந்து வருது? ஒரு கழித்தல் கணக்கு. எனக்குப் போட வராதா சார் அது? போடாம விட்டேன்.

அவ கிட்டக் கேட்டா, வயித்தால போகுதுன்னு சொல்ல வேண்டி வரும், பாவம், கூச்சப்படுவான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கூச்சம் எனக்கு. அதுவும் பாதிதான். எங்க ஸ்டோர்ல மீசைன்னு ஒருத்தன் இருந்தான். பெட்டியில குறைஞ்சுதுன்னு தெரிஞ்சா, ஆடிட் முடியிற வரைக்கும் அந்தப் பெட்டிப் பக்கமே ஆடிட்டரை விட மாட்டான், முன்னாடி நின்னுக்குவான். அவன்கூட நான் ஒரு நாள் டீ குடிச்சதில்ல. டாக்டர் அந்தப் பொண்ணைப் பார்த்துக் கேட்டப்ப நான் முன்னாடி போய் நின்னுக்கிட்டேன். அட்டையைக் காட்டிப் பேரு வாங்கியாச்சு இல்ல?

பையன் வார்டுல அந்தக் கூட்டைக் கொண்டுவந்து போர்வை மேல கொட்டி, எல்லாரும் கேக்க எண்ணினான். அவன் முடிக்கிறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், நாப்பத்திரண்டு. அவன் போனதும் அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. உங்களை ஏமாத்திட்டேன், என்னை மன்னிச்சிடுங்க மாமான்னா.

பரவாயில்லம்மா, மன்னிச்சுட்டேன், இனிமே அப்படிச் செய்யாதேன்னு சொன்னேன் சார்.

பை காலியாயிடுச்சு, நர்ஸம்மா கழட்டுறாங்க. பையனும் படியேறி வந்துட்டான், அந்தப் பச்சைச் சட்டைதான். அவன்கிட்ட இதை இப்பவே சொல்லிடணும், நீங்க எழுந்து போயிடாதீங்க. கேட்ட ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்தா, மழை வரும் போல இருக்குன்னு சொல்லிட்டு என்னால தப்பிக்க முடியாது.